தைவான் மாமனார் வீட்டில் என்ன பேசுவது?

கேள்வி: மதுரைக்காரன் நான். தைவானில் சின்ச்சு நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். கூடப் படித்த தைவான் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். போன சந்திரப் புத்தாண்டுக்கு முதல் நாள் இரவு அவர்கள் வீட்டில் விருந்து. "சீனர்கள் நீங்களும் எங்க பொங்கல் மாதிரியே குடும்பமா சேர்ந்து கொண்டாடுறீங்க" என்று பாராட்டாகத்தான் சொன்னேன். அவளுடைய 19 வயதுத் தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். "சரியாத்தானே சொன்னார், நாம சீனர்தானே?" என்றார் தாத்தா. அவர் 1949இல் சீனாவின் ஷான்டோங்கிலிருந்து சிப்பாயாக வந்தவர். தைவானிலேயே ஜியாயி நகரில் பிறந்த மாமியார் கண் கலங்கிவிட்டார். அப்புறம் ஒரே சண்டை. ஒரே மொழி, ஒரே சாமி, எதற்கு இவ்வளவு கோபம்? வரும் புத்தாண்டுக்கும் போக வேண்டும். யார் பக்கம் பேசுவது? ஊரில் அம்மா வேறு எல்லோரிடமும் "சீனப் பொண்ணு" என்று சொல்லி வருகிறார்.
(பெயர் வெளியிட வேண்டாம், சின்ச்சு)

பதில்: அன்புத் தம்பிக்கு,

யார் பக்கமும் பேச வேண்டாம். ஆனால் "ஒரே மொழி, ஒரே சாமி" என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் முக்கால்வாசிப் பேர் சீன வம்சாவளியினர்தான். அதற்காக அவர்களை யாரும் சீன நாட்டவர் என்பதில்லை. அதோடு, சீனாவிலிருந்து ஆட்கள் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே அந்தத் தீவில் பழங்குடிகள் வாழ்ந்தார்கள். இன்று அரசு அங்கீகரித்த பழங்குடி இனங்கள் மட்டும் 16.

மாமியார் ஏன் கலங்கினார் என்று பாருங்கள். 1895இல் போரில் தோற்ற சீனப் பேரரசு தைவானை ஜப்பானுக்குக் கொடுத்துவிட்டது. 50 ஆண்டு கழித்து, 1945இல் அப்போது சீனாவை ஆண்ட சியாங் காய்ஷேக்கின் அரசு வந்தபோது தாய்நாடு திரும்பி வந்ததாக நினைத்து வரவேற்றவர்கள் நிறையப் பேர். கிடைத்தது ஊழலும் தாறுமாறான விலைவாசியும். 1947 பிப்ரவரி 27 மாலை, தலைநகர் தைபேயில் கள்ளச் சிகரெட் விற்ற ஒரு விதவையை அதிகாரிகள் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். கூடிய கூட்டத்தில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். மறுநாளிலிருந்து தீவு முழுக்கக் கிளர்ச்சி. மார்ச்சில் சீனாவிலிருந்து படை வந்து இறங்கியது. இறந்தவர்கள் 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் என்று 1992இல் வந்த அரசு ஆய்வறிக்கை சொல்கிறது.

ஜியாயியில் சென் செங்போ என்ற ஓவியர் இருந்தார். ஷாங்காயில் சில ஆண்டுகள் ஓவியம் கற்பித்தவர், புதிய அரசின் மொழியான மாண்டரின் பேசுவார், சியாங்கின் ஆளும் கட்சியில் விரும்பிச் சேர்ந்தவர். அதனாலேயே படையோடு சமாதானம் பேசப் போன குழுவில் அவரும் இருந்தார். பேசப் போனவரைப் பிடித்து, மார்ச் 25 அன்று ஜியாயி ரயில் நிலையத்துக்கு முன்னால் எல்லோரும் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து, படம் எடுக்க வைத்து, ரத்தக் கறை படிந்த உடைகளையும் அந்தப் படத்தையும் பல பத்தாண்டுகள் மறைத்தே வைத்திருந்தார். வெளியே பேச முடியாது. 1949 முதல் 1987 வரை 38 ஆண்டு ராணுவச் சட்டம். பள்ளிக்கூடத்தில் மாண்டரினை விட்டுத் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்கு அபராதம், கழுத்தில் அட்டை. உங்கள் மாமியார் குடும்பத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஜியாயிக்காரர் ஒருவர் அந்தப் பேச்சில் கண் கலங்கினால் அதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது.

சரி, தாத்தா. அவரைப் பெய்ஜிங்கின் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கம்யூனிஸ்டுகளோடு போரிட்டுத் தோற்று வந்த சியாங்கின் படையைச் சேர்ந்தவர் அவர். அவர் சொல்லும் சீனா அவர் விட்டு வந்த ஊரும், தாயும் தகப்பனும். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று நம்பி வந்தவர்களுக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதக்கூட வழியில்லாமல் 38 ஆண்டு போனது. 1987இல் முதிய சிப்பாய்கள் "வீட்டு ஞாபகம்" என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றார்கள். அந்த நவம்பரில்தான் ஊருக்குப் போய்வர அனுமதி கிடைத்தது. போனவர்களில் எத்தனையோ பேருக்குப் பெற்றோரின் கல்லறைதான் மிச்சம். தைவானில் அவர்கள் வெளிமாகாணத்தார். சொந்த ஊரிலோ தைவான்காரர்.

மச்சினனுக்கு இரண்டு சோகமும் கேள்விப்பட்ட கதைகள். அவன் பிறந்தபோது அங்கே ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துப் பத்தாண்டு ஆகியிருந்தது. மக்கள் சீனக் குடியரசு, அதாவது இன்றைய சீனா, அந்தத் தீவை ஒருநாளும் ஆண்டதில்லை. ஆனாலும் தேவைப்பட்டால் அமைதியற்ற வழியில் இணைத்துக்கொள்ளலாம் என்று 2005இல் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. 2005இலும் அதற்குப் பிறகும் பிறந்த பையன்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை நாலு மாதத்திலிருந்து ஒரு வருடமாகிவிட்டது. யாரை எதிர்த்து அந்தப் பயிற்சி என்று அவனுக்குத் தெரியும். அவனைப் பார்த்து "சீனர்கள் நீங்கள்" என்றீர்கள். எழுந்து போனதில் தப்பே இல்லை. நேரில் மன்னிப்புக் கேளுங்கள், பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம்.

அவன் தனி ஆளும் இல்லை. நீங்கள் தைவானியரா, சீனரா, இரண்டுமா என்று தைபேயின் செங்ச்சி பல்கலைக்கழகம் 1992 முதல் மக்களைக் கேட்டு வருகிறது. தைவானியர் மட்டுமே என்று அப்போது சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. இப்போது பத்துக்கு ஆறு பேர். சீனர் மட்டுமே என்பவர்கள் நூற்றுக்கு ஒரு சிலர்தான். ஆனால் அந்த ஆறு பேரும் நாளைக்கே சுதந்திரப் பிரகடனம் செய்யத் துடிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். இப்போதிருக்கும் நிலையே தொடரட்டும் என்பவர்களே அங்கே மிக அதிகம். மச்சினன் எந்தக் கட்சி, மாமனார் எந்தக் கட்சி என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள்.

இந்த முறை போகும்போது பச்சைக் கட்சி (தைவான் அடையாளத்தை வலியுறுத்துவது), நீலக் கட்சி (சியாங்கின் பழைய கட்சி) என்ற பேச்சை நீங்கள் தொடங்கவே வேண்டாம். தாத்தாவிடம் ஷான்டோங் ஊரைப் பற்றிக் கேளுங்கள்: அங்கே புத்தாண்டுக்கு என்ன சமைப்பார்கள், 1987க்குப் பிறகு போனாரா, யாரைப் பார்த்தார். தொண்ணூறைத் தாண்டியவர், இன்னொரு வருடத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். மாமியாரிடம் மேசையில் எதுவும் கேட்காதீர்கள். தனியாக இருக்கும்போது, ஜியாயியைச் சுற்றிப் பார்க்க ஆசை, கூட்டிப் போவீர்களா என்று கேளுங்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று யாராவது மடக்கினால், "அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்தான்" என்று சொல்லுங்கள். அது நழுவல் இல்லை. என் கருத்தும் அதுதான்.

அம்மா விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இன்றைக்கே போன் போட்டு, "தைவான் பொண்ணு" என்று சொல்லச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படியே அச்சடியுங்கள். பெற்றோருக்கான விசாவுக்கு டெல்லி வரை போக வேண்டாம். 2012 முதல் சென்னையிலேயே தைவானின் அலுவலகமான தைபே பொருளாதார, கலாசார மையம் இருக்கிறது. தைபேயில் இந்தியத் தூதரகம் கிடையாது, இந்தியா–தைபே சங்கம்தான் அந்த வேலையைப் பார்க்கிறது. கல்யாணப் பதிவுக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று அங்கே இப்போதே கேட்டு வையுங்கள். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.