டிவி விளம்பரம் ஒன்றின் கேமரா, ஒலி, நிறம் மூன்றையும் எப்படி அலசி எழுதுவது?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிறேன், ஒரு விளம்பரத்தை எடுத்து அதன் கேமரா, ஒலி, நிற உத்திகளை அலசி அசைன்மென்ட் எழுத வேண்டும், தேடினால் 'லோ ஆங்கிள் (கேமரா கீழிருந்து மேலே பார்ப்பது) என்றால் அதிகாரம், நீலம் என்றால் அமைதி' என்ற பட்டியல்தான் கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் சென்னையில் விளம்பரங்களுக்கு ஒலிக்கலவை செய்பவன். பெரும்பாலும் இந்தியில் எடுத்த விளம்பரங்களைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலை. வாத்தியார் இல்லை. ஆனால் நன்றாக எழுதிய ஒரு மாணவிக்கு நீங்கள் சொன்ன அதே பட்டியலால் மார்க் குறைந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

முதலில் பட்டியலில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் சார் அநேகமாக ஆப்பிள் கம்பெனியின் '1984' விளம்பரத்தைப் போட்டுக் காட்டியிருப்பார். ரிட்லி ஸ்காட் இயக்கியது. 1984 ஜனவரி 22 அன்று அமெரிக்காவில் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் இடையே ஓடிய ஒரு நிமிடப் படம். மொட்டைத் தலையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள், எதிரே பெரிய திரையில் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு முகம், நடுவே சுத்தியலோடு ஓடி வரும் ஒரு பெண். அவள் போட்டிருக்கும் டிராயர் ஆரஞ்சுச் சிவப்பு. உடனே நம் பிள்ளைகள் 'சிவப்பு என்றால் புரட்சி' என்று எழுதி அரைப் பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த நிறம் வேலை செய்வதற்குக் காரணம், அவளைச் சுற்றி இருக்கிற எல்லாவற்றிலிருந்தும் நிறத்தை உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். எல்லாம் சாம்பலும் வெளிறிய நீலமும்தான். அதனால் அவள் ஒரு நொடி வந்து போனாலும் கண் அவளைப் பிடித்துக்கொள்கிறது. அதே டிராயரை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் விட்டால் யார் கண்ணிலும் படாது. நிறத்தின் அர்த்தம் பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

நிறத்துக்கு அர்த்தமே கிடையாது என்று இவன் சொல்கிறான் எனச் சிலர் கிளம்புவார்கள். அப்படிச் சொல்லவில்லை. நம் ஊரில் மஞ்சளுக்கும் குங்குமச் சிவப்புக்கும் இருக்கிற இடம் எனக்கும் தெரியும். அந்த விளம்பரத்தில் அந்த நிறம் என்ன வேலை பார்க்கிறது என்று முதலில் பாருங்கள், அர்த்தம் அப்புறம் வரட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, அந்த மாணவியின் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் வைவாவுக்கு வெளியாளாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெண் எடுத்திருந்தது ஜூஜூ. உங்கள் வயதுக்கு ஞாபகம் இருக்காது. 2009 ஐபிஎல் சமயத்தில் வோடஃபோன் என்ற செல்போன் கம்பெனிக்காக ஓகில்வி என்ற விளம்பர நிறுவனம் செய்த விளம்பரங்கள். மக்களவைத் தேர்தல் நடந்ததால் அந்த வருட ஐபிஎல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்த விளம்பரங்களையும் அங்கேயே, கேப் டவுனில்தான் எடுத்தார்கள். நிர்வாணா ஃபிலிம்ஸின் பிரகாஷ் வர்மா இயக்கினார். தினமும் புதிதாக ஒன்று வர வேண்டும் என்று சுமார் 30 படங்கள். முட்டை மாதிரித் தலையும் புள்ளிக் கண்ணும் உப்பிய வயிறுமாக வெள்ளை வெளேர் என்று சின்னச் சின்ன உருவங்கள். கிராஃபிக்ஸ் என்றுதான் ஊரே நினைத்தது. உண்மையில் துணி உடுப்புக்குள் மனிதர்கள். பெரும்பாலும் ஒல்லியான பெண்கள், சில குழந்தைகள்.

அந்த மாணவி பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு படத்தைச் சத்தமில்லாமல் ஓட்டினாள். அப்புறம் திரையை அணைத்துவிட்டு அதே படத்தைச் சத்தம் மட்டும் வைத்து ஓட்டினாள். அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இந்தப் பெண் வேலை தெரிந்தவள் என்று. ஸ்டூடியோவில் நாங்கள் செய்வதும் அதுதான்.

கேமரா பற்றி அவள் சொன்னது இது. இந்தப் படங்களை நொடிக்கு 20 ஃப்ரேமில், அதாவது 20 தனித்தனிப் படங்களாக எடுத்தார்கள். நம் டிவியில் ஓடுவது நொடிக்கு 25. அப்படியானால் நடிப்பவர் ஒரு நொடியில் செய்த அசைவு திரையில் 0.8 நொடியில் முடிந்துவிடும். ஓட்டம் பிடித்த பழைய ஊமைப்படம் போலத் தெரியாது. ஆனால் கையைத் தூக்கினால் கை கொஞ்சம் வெடுக்கென்று போய் நிற்கும். மனித உடம்பின் கனம் அதில் இருக்காது. பார்க்கிறவனுக்கு ஏன் என்று தெரியாது, பொம்மைப்படம் என்று முடிவு கட்டிவிடுவான். 'ஃபாஸ்ட் மோஷன் பயன்படுத்தப்பட்டுள்ளது' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். அவள் எவ்வளவு வேகம், ஏன் அதற்கு மேல் போகவில்லை என்பது வரை போனாள்.

அடுத்து முகம். ஜூஜூவின் சிரிப்பு, அழுகை, திகைப்பு எல்லாம் ரப்பரில் வெட்டித் தலையில் ஒட்டியவை. நேரத்தையும் செலவையும் குறைக்க அப்படிச் செய்தார்கள். 'அப்படியென்றால் ஒரு ஷாட்டுக்குள் முகம் மாற முடியாது. சிரித்த முகம் அழ வேண்டுமானால் கட் பண்ணியே ஆகணும். அதனால எடிட்டிங்கைத் தீர்மானிச்சது உடுப்புதான் சார்' என்றாள். இவ்வளவு வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு அது தோன்றியதில்லை. உருவங்கள் சிறியதாகத் தெரிவதற்குக் கேமராவை மேலே வைத்து எடுத்தது காரணமில்லை, செட்டையும் சாமான்களையும் பெரிதாகச் செய்து வைத்ததுதான் என்பதையும் சொன்னாள். பட்டியல்காரர்கள் இந்த இடத்தில் 'ஹை ஆங்கிள், எனவே பலவீனம்' என்று எழுதியிருப்பார்கள்.

நிறத்துக்கு அவள் எழுதியது ஒரே ஒரு பத்தி. பின்னணி சாம்பல். வெள்ளை உடம்பை வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினால் விளிம்பு தெரியாது. கறுப்பின் முன் நிறுத்தினால் உடம்பு பளிச்சென்று எரியும், கண்ணும் வாயுமாக இருக்கிற கறுப்புப் புள்ளிகள் அமுங்கிவிடும். சாம்பலில் இரண்டும் பிழைக்கும். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருந்தது பெட்டி டிவி, அதிலும் பிழைக்கும். கடைசியில் கம்பெனியின் சிவப்பு முத்திரை வரும்போது அதுவரை பார்த்த வெள்ளைக்கும் சாம்பலுக்கும் பிறகு அந்தச் சிவப்பு தனியாக நிற்கிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அது போதும்.

மீதிப் பக்கங்கள் முழுக்க ஒலி. ஜூஜூ பேசுவது எந்த மொழியும் இல்லை. ஆனால் எது கேள்வி, எது கெஞ்சல், எது திட்டு என்று நமக்குத் தெரிகிறது. குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்பதை வைத்துத்தான் தெரிகிறது. படத்தை நிறுத்தி நிறுத்தி அந்த ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து வைத்திருந்தாள்.

உள்தேர்வாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, 'கலர் சைக்காலஜி எங்கேம்மா? வெள்ளை தூய்மை, சாம்பல் சோகம், இதெல்லாம் வரலையே' என்றார்.

'சாம்பல் சோகம்னா, இதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்களே சார்?'

உண்மையாகவே சந்தேகத்தில்தான் கேட்டாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் அதை வாய்த்துடுக்கு என்று எடுத்துக்கொண்டார். நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். பாடத்திட்டத்தில் மூன்று தலைப்புக்கும் சம அளவு வர வேண்டும் என்றிருக்கிறது என்றார். என் பங்கு மார்க்கை நான் முழுதாகப் போட்டேன். அவர் பங்கில் அவர் குறைத்தார்.

சவுண்டுக்காரன், அதனால் சவுண்டுக்குக் கொடி பிடிக்கிறான் என்று நினைக்காதீர்கள். அவள் ஆப்பிள் விளம்பரத்தை எடுத்திருந்தால் நிறத்துக்குத்தான் அதிகப் பக்கம் போயிருக்க வேண்டும். எந்த விளம்பரம் எதன் மேல் நிற்கிறதோ அதற்குத்தான் அதிக இடம். 1994-ல் வந்த கேட்பரி சாக்லேட்டின் கிரிக்கெட் விளம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 99 ரன்னில் நிற்கிறவன் சிக்ஸர் அடிக்க, பூப்போட்ட உடுப்பில் ஒரு பெண் காவலாளியைத் தாண்டி மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடி வருவாள். லூயிஸ் பேங்க்ஸ் இசை, சங்கர் மகாதேவன் குரல். 2021-ல் அதைத் திரும்ப எடுத்தார்கள். இந்த முறை மட்டை பிடிப்பது பெண், ஆடி வருவது ஆண். ஆட்களை மாற்றினார்கள், காலம் மாறியிருந்தது, பாட்டு மட்டும் அதேதான். இதை விட வேறு சான்று வேண்டுமா? அந்த விளம்பரத்தைச் சத்தமில்லாமல் போட்டுப் பாருங்கள். அந்தப் பெண்ணின் ஆட்டம் ஏன் அவ்வளவு பிடித்துப்போனது என்றே புரியாது.

ஜூஜூ மேல் எனக்குத் தனிப் பாசம் வருவதற்கு வேறு காரணமும் உண்டு. அதில் டப் செய்ய ஒன்றுமே இல்லை. கடைசியில் வரும் எழுத்தை மாற்றினால் எந்த ஊருக்கும் போகும். எங்கள் அன்றாடம் அப்படி இல்லை. இந்தியில் எடுத்த படத்தில் ஒரு அம்மா க்ளோஸப்பில் பேசுவார். உதடு மூடுகிற இடத்தில் தமிழிலும் ப, ம போல உதடு மூடுகிற எழுத்து விழ வேண்டும். இல்லாவிட்டால் குரல் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். ஆனால் மொழிபெயர்ப்பு சாயங்காலம் வரும், மறுநாள் காலை ஒளிபரப்பு. வந்த வரியில் ஒரு சொல்லை மாற்றக் கேட்டால், கிளையன்ட் ஒப்புக்கொண்ட வரி, தொடாதே என்பார்கள். இந்தியில் நாலு சொல்லில் முடிந்த வரிக்குத் தமிழில் ஆறு சொல் எழுதி அனுப்பியிருப்பார்கள். குரல் கொடுக்கிற அம்மாவும் மூச்சு வாங்காமல் ஓட்டுவார். இதில் பெரிய கொடுமை, இசையையும் சத்தங்களையும் தனி ட்ராக்காகத் தராமல் எல்லாவற்றையும் கலந்து முடித்த இந்தி ட்ராக்கையே அனுப்பிவிடுவது. அதில் இந்திக் குரலை அடக்கினால் கூடவே தாளிக்கிற சத்தமும் போகும், வாசலில் குழந்தை ஓடுகிற சத்தமும் போகும். குரல் மட்டும் பாத்ரூமில் பேசுவது போல மொட்டையாக நிற்கும். பார்க்கிறவர்கள் 'தமிழ் டப்பிங்னாலே இப்படித்தான்' என்று எங்களைத் திட்டுகிறார்கள். மூலப்படத்தில் ஒலிக்காக ஒருத்தர் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்ததைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் அரைகுறையாக அனுப்பினால் போதும் என்று யார் முடிவு செய்தது? நாமும் அதே காசு கொடுத்துத்தான் அந்த எண்ணெயையும் சோப்பையும் வாங்குகிறோம்.

கேட்டதை விட்டு விலகிவிட்டேன் என்று தோன்றலாம். ஆனால் உங்கள் அசைன்மென்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. டப் செய்த விளம்பரத்தை எடுத்தீர்கள் என்றால், அதன் ஒலியை அலசும்போது நீங்கள் அலசுவது அந்த இயக்குநர் நினைத்த ஒலியை இல்லை. ஆகவே முடிந்தவரை தமிழிலேயே எடுத்த விளம்பரம், அல்லது பேச்சே இல்லாத விளம்பரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்கள் நிறைய இங்கேயே எடுக்கப்பட்டவை, கேவலம் என்று ஒதுக்க வேண்டாம். பட்டும் தங்கமும் ஒரே ஃப்ரேமில் இருக்கும்போது பின்னணிக்கு என்ன நிறம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே இரண்டு பக்கம் எழுதலாம்.

எடுத்த பிறகு முதலில் சத்தமில்லாமல் பாருங்கள். கதை புரிகிறதா, எந்த இடத்தில் புரியாமல் போகிறது என்று நொடிக் கணக்கோடு குறியுங்கள். அடுத்து கண்ணை மூடிக் கேளுங்கள். குரல், இசை, மற்ற சத்தம், மௌனம் என்று நாலாகப் பிரியுங்கள். மௌனத்தை விட்டுவிடாதீர்கள். 30 நொடிக்குக் காசு கொடுத்தவன் ஒரு நொடியைச் சும்மா விட்டிருக்கிறான் என்றால் அதில் விஷயம் இருக்கிறது. அப்புறம் போன் செட்டிங்கில் நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை. எந்தப் பொருள் கண்ணிலிருந்து மறைந்துபோகிறதோ அதுதான் நிறத்தால் நிற்கிற பொருள். பெரும்பாலும் அது விற்கிற பாக்கெட்டாகத்தான் இருக்கும். கேமராவுக்கு எத்தனை கட், எந்த ஷாட் மற்றவற்றை விட நீளம் என்று எண்ணினாலே பாதி வேலை முடிந்தது.

உங்கள் துறையில் பட்டியல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மார்க்குக்காக ஒரு அட்டவணையைக் கடைசியில் சேர்த்துவிடுங்கள், சண்டை போட வேண்டாம். டப் செய்த விளம்பரத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? அப்படியானால் இந்தி மூலத்தைத் தேடிப் பிடித்து இரண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். எத்தனையாவது நொடியில் எந்தச் சத்தம் தமிழில் காணாமல் போயிருக்கிறது என்று எழுதுங்கள். அப்படி ஒரு அசைன்மென்டை இதுவரை யாரும் என்னிடம் காட்டியதில்லை. எழுதினால் கமெண்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நிச்சயமாகப் படிப்பேன்.