இலங்கையின் வடக்கே, வன்னியில் பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சபைகள் சேர்ந்து இயங்கினால் என்ன கிடைக்கும்?

முதலில் தண்ணீரைப் பாருங்கள். கனகராயன் ஆறு வவுனியாவில் தொடங்கி, முல்லைத்தீவைத் தொட்டு, கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நிரப்பி, சுண்டிக்குளம் பக்கம் கடலேரியில் சேர்கிறது. மூன்று மாவட்டங்களுக்கும் ஒரே ஆறு. மேலே குப்பை கொட்டினால் கீழே உள்ள வயலுக்குத்தான் கேடு. ஆக, ஆற்றைக் காப்பது எந்தச் சபைக்கும் தனி வேலை இல்லை.

சேர்வதென்றால் ஒருவரை ஒருவர் விழுங்குவதல்ல. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தது நினைவிருக்கும். சிறுபோகத்துக்கே, அதாவது வறண்ட பருவ நெல் பயிருக்கே, தண்ணீர் போதாது என்ற பயம் அது, நியாயமான பயம். பிறகு யாழ்ப்பாணத்துக்காகத் தாளையடிக் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. யாருக்கு எவ்வளவு, வறட்சியில் யார் குறைப்பது என்று முதலிலேயே எழுதி வைக்காமல் கூட்டு வேலை நிற்காது.

சரி, செலவும் வருமானமும்? கரைச்சி, புதுக்குடியிருப்பு போன்ற பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீயணைப்பு வண்டியும் குப்பை தரம்பிரிக்கும் நிலையமும் வாங்கத் தேவையில்லை. பரந்தன் சந்தியில் ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கின்றன. அந்தப் பக்கம் நெல் உலர்த்தும் களமும் களஞ்சியமும் பொதுவாக இருந்தால், ஈர நெல்லை வந்த விலைக்குத் தள்ளிவிடும் நிலை குறையும். என்னைக் கேட்டால், இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.