முதல் ரோபோ நேராகப் போகாது

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கணினிக் கழகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். 4, 5-ஆம் ஆண்டு மாணவர்கள் 18 பேர், வாரம் ஒரு மணி நேரம். கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் ஓரளவு தெரியும். ரோபோ வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் தருகிறது. எதை வாங்குவது, எங்கே தொடங்குவது?

பதில்: முதல் இரண்டு வாரம் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், ஆசிரியை. ஒரு மாணவனை ரோபோவாக்கி, வகுப்பு வாசலிலிருந்து சிற்றுண்டிச்சாலைக்கு மற்றவர்கள் கட்டளை சொல்லியே நடத்தட்டும். "நேராப் போ" என்றால் சுவரில் முட்டும்வரை அவன் போக வேண்டும். எத்தனை அடி, எந்தப் பக்கம், எப்போது நிற்பது என்று சண்டை போட்டே திருத்திக்கொள்வார்கள்.

பிறகு மைக்ரோபிட் என்னும் சிறு கணினிப் பலகையும், அதைச் செருகும் இரு சக்கர வண்டியும் ஆறு செட் வாங்குங்கள். பினாங்கிலேயே இருக்கும் சைட்ரோன் நிறுவனம் இத்தகைய வண்டிகளைச் செய்கிறது. அந்தப் பலகைக்கு நிரல் எழுதும் மேக்கோட் தளத்தின் கட்டங்கள் ஸ்கிராட்ச் போலவே இருக்கும். மோட்டாரைப் பலகையில் நேரடியாக இணைக்க வேண்டாம். பலகை தரும் மின்னோட்டம் மோட்டாருக்குப் போதாது, பலகையும் கெட்டுப்போகலாம். மூவருக்கு ஒரு வண்டி: ஒருவர் நிரல், ஒருவர் வண்டி, ஒருவர் அளவுகோலும் நோட்டும். வாரம்தோறும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் கணினி உள்ள பிள்ளையே விசைப்பலகையைப் பிடித்துக்கொள்ளும்.

இனிதான் உண்மையான பாடம். இரு மோட்டாருக்கும் ஒரே வேகம் கொடுத்தாலும் வண்டி ஒரு பக்கம் சாயும். பிள்ளைகள் நிரலைத்தான் திட்டுவார்கள். நிரலில் தவறில்லை: எந்த இரண்டு மோட்டாரும் அச்சு அசல் ஒன்றாக இராது, சக்கரத்தில் தூசி, தரையில் வழுக்கல் வேறு. 2 வினாடி ஓடவிட்டு, எத்தனை சென்டிமீட்டர் போனது என்று ஐந்து முறை அளக்கச் சொல்லுங்கள். ஐந்து எண்களும் வேறு வேறாக வரும். திரையில் ஓடும் ஸ்கிராட்ச் பூனை இப்படி ஏமாற்றுவதே இல்லை! பழைய பேட்டரி போட்டு மறுபடி அளந்தால் எண் இன்னும் இறங்கும்.

இதற்குப் பிறகுதான் உணரியை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரையில் வீசி, திரும்பி வருவதை அறியும் சிறு கருவியை, கொண்டுவர வேண்டும். தரையில் கறுப்பு நாடா ஒட்டுங்கள். வெள்ளைத் தரை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். அந்த வேறுபாட்டை வைத்து வண்டி தன் சாய்வைத் தானே திருத்தும். உணரி எதற்கு என்று நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது, அளந்து சலித்தவர்களுக்கு அது தெரியும்.

ஒரு எச்சரிக்கை. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி, பிற்பகல் வெயில் சன்னலோரம் விழும்போது பைத்தியம் பிடித்தாற்போல் சுற்றும். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள்.

போட்டிக்கு எப்போது என்று தலைமையாசிரியர் கேட்டால், அடுத்த ஆண்டு என்று சொல்லிவிடுங்கள்.