நாலாவது மூலை மட்டும் ஏன் சேரவில்லை?

கேள்வி: ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் சாய்ந்த சில்வர் ஓக்கிலிருந்து ஒரு பலகை கிடைத்தது. தங்கை கல்யாணத்துக்கு 24க்கு 16 செ.மீ. அளவில் நகைப்பெட்டி செய்கிறேன். ஒரே பலகையை வரிசையாக அறுத்து நாலு பக்கமும் எடுத்தேன். மூன்று மூலையில் ரேகை அழகாகத் திரும்பி ஓடுகிறது, நாலாவதில் அப்படியே அறுந்து நிற்கிறது. என் கைத்தப்பா?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: தப்பே இல்லை. பலகையின் தலையும் வாலும் முட்டுகிற இடம் அது, நடுவே 80 செ.மீ. மரம் இருக்கும்போது ரேகை எப்படி ஒட்டும்? அந்த மூலையைக் கீல் வருகிற பின்பக்கம் தள்ளிவிடுங்கள், சம்பந்தி வீட்டார் யாரும் பெட்டியைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை.

நாலும் சேரவேண்டுமென்றால் நீளமான பலகையை விட்டுத் தடிமனான பலகையாகத் தேடுங்கள். இதே அளவுக்கு ஓரங்குலத் தடிமனில் 42 செ.மீ. நீளம் போதும். மில்லில் கொடுத்துத் தடிமன்வாக்கில் இரண்டாகப் பிளந்து, நோட்டைப் பிரிக்கிற மாதிரி நுனியோடு நுனி வைத்து விரியுங்கள். உள்ளே இருந்த முகம்தான் இனி பெட்டியின் வெளிமுகம். இடமிருந்து வலமாக முதல் பலகையில் 24, 16, அடுத்ததிலும் 24, 16. நடுவில் சந்திக்கிற நுனிகள் இரண்டும் முன்பு ஒட்டியிருந்தவை, சுற்றி வந்து சந்திக்கிற கடைசி நுனிகளும் அப்படித்தான். ரம்பம் தின்ற இரண்டு மில்லிமீட்டரால் ரேகை லேசாக விலகும், கண்ணுக்குத் தெரியாது. 45 டிகிரிச் சாய்வை வெளிமுக அளவில் பிடியுங்கள், நுனியை ரொம்பச் சீவினால் பிடித்த ரேகை போய்விடும்.

இழைக்கும்போது ஒன்று கவனியுங்கள். நுனியோடு நுனி விரித்த பலகைகளில் நார் ஒரே பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும், விரித்தபடியே இரண்டையும் ஒரே திசையில் இழையுங்கள், ஒன்றை மட்டும் எதிர்த்திசையில் இழைத்தால் அது பெயர்ந்து வரும்.

அப்புறம், பிளந்த அன்றே ஒட்டாதீர்கள். மலை ஈரத்தில் கிடந்த மரம், சேலம் வெயிலுக்கு வளையும். நானும் ஒருமுறை அவசரப்பட்டேன், பலகை மீன்பிடிப் படகு மாதிரி குவிந்துவிட்டது. நடுவே குச்சி வைத்து, மேலே கல் ஏற்றி, இரண்டு வாரமாவது நிழலில் போடுங்கள்.

மூடியைத் தனியாகச் செய்ய வேண்டாம். மேல் பலகை, அடிப்பலகையோடு பெட்டியை முழுசாக மூடி ஒட்டிவிட்டு, காய்ந்த பிறகு மேலே 4 செ.மீ. விட்டுச் சுற்றி அறுத்தெடுங்கள். பக்கங்களின் ரேகை மூடியிலும் அப்படியே தொடரும்.