வீட்டிலேயே டிக்கி பாணி மரப்பலகையும் முரசும் கையால் செய்ய முடியுமா?

பசிபிக் தீவு மக்களின் உருவங்களைத் தழுவிய, டிக்கி என்ற அலங்காரப் பாணியில் முகம் செதுக்கிய சுவர்ப்பலகை ஒன்றையும் அதற்கு இணையான ஒரு முரசையும் வீட்டு முற்றத்திலேயே செய்ய முடியுமா, எந்த மரம் ஏற்றது, எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் முடியும். தச்சுப் பட்டறை தேவையில்லை. உறுதியான ஒரு மேசை, பலகையை அசையாமல் பிடித்துக்கொள்ள இரண்டு கிளாம்புகள், நன்றாகத் தீட்டிய நான்கைந்து உளிகள், ஒரு கொட்டாப்புளி ஆகியவை இருந்தால் போதும். ஆனால் உளியை எடுப்பதற்கு முன் உருவத்தைக் கண்ணால் படிக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். இணையத்தில் கிடைக்கும் டிக்கி வரைபடங்களில் பல, நகலைப் பார்த்து எடுத்த நகல்கள். அவற்றை அப்படியே பின்பற்றுகிறவருக்கு அந்தப் புருவம் ஏன் அவ்வளவு முன்தள்ளி நிற்கிறது, அந்த வாய் ஏன் அவ்வளவு அகலமாக இருக்கிறது என்பது கடைசிவரை விளங்குவதில்லை.

டிக்கி பாணி என்று இன்று அழைக்கப்படுவது, 1930களில் கலிபோர்னியாவில் டான் த பீச்கோம்பர், டிரேடர் விக் ஆகிய பெயர்களால் அறியப்பட்ட இருவர் தொடங்கிய உணவகங்களின் வழியாகப் பரவிய அலங்கார முறை. அதன் மூலங்களோ பசிபிக் தீவு மக்களின் முன்னோர் உருவங்களும் தெய்வ உருவங்களும் ஆகும். மார்க்கேசாஸ் தீவுக்கூட்டத்தில், ஹிவா ஓவா தீவின் புவமாவு என்னும் இடத்தில், இரண்டரை மீட்டருக்கும் உயரமான தகாயீ என்ற கற்சிலை நிற்கிறது. பெரிய வட்டக் கண்கள், முகத்தின் முழு அகலத்துக்கும் நீளும் வாய், வயிற்றின் மேல் வைத்த கைகள் என்ற அமைப்பை அதில் தெளிவாகக் காணலாம். ஹவாய் மரபு வேறு: அங்கே கூ என்ற தெய்வத்தின் மரவுருவங்களில் வாய் 8 என்ற எண்ணின் வடிவில் வளைந்து திறந்திருக்கும், தலையணி உயர்ந்திருக்கும், முழங்கால்கள் மடங்கியிருக்கும். 1819இல் கபு என்னும் பழைய விதிமுறைகள் கைவிடப்பட்டபோது ஹவாயின் கோயில் உருவங்களில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. ஆளுயரத்தை மிஞ்சிய கூ உருவங்களில் மூன்று மட்டுமே இன்று எஞ்சியுள்ளன: ஒன்று ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்திலும், ஒன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும், ஒன்று அமெரிக்காவின் சேலம் நகரிலுள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அவற்றின் நிழற்படங்களை ஒரு மாலை முழுவதும் பார்த்து, பென்சிலால் வரைந்து பழகுங்கள். அதன் பிறகு, அவற்றிலிருந்து கற்ற வடிவங்களைக் கொண்டு உங்களுக்கென ஒரு முகத்தை அமையுங்கள். குறிப்பிட்ட ஒரு தெய்வ உருவத்தையோ, ஒரு குடியின் வம்சத்தைச் சொல்லும், நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மவோரிகளின் செதுக்கலையோ அப்படியே எடுத்து வீட்டு அலங்காரமாக்குவது எனக்கு உடன்பாடில்லை. அவை அந்த மக்களுக்கு இன்றும் உயிருள்ளவை.

மரத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஹவாய் மக்கள் கிண்ணங்கள் கடைந்த மிலோ மரம் நம் பூவரசுதான். அவர்கள் கமனி என்று அழைப்பது நம் கடற்கரைப் புன்னை. இன்னொரு பசிபிக் தீவான தஹீத்தியிலும் மரக்கொட்டு செய்யப் பூவரசையே விரும்பி எடுக்கிறார்கள். எனவே இந்த வேலைக்கு வெளிநாட்டு மரத்தைத் தேடி அலைய வேண்டாம். வைரம் பாய்ந்த பூவரசு உளிக்கு நன்றாக இணங்கும். எண்ணெய் பட்டதும் அதன் கரும்பழுப்பு நிறம் எழுந்து நிற்கும். பச்சை மரமாகக் கிடைத்தால், வெட்டுமுனைகள் இரண்டிலும் மெழுகையோ மரப்பசையையோ பூசி நிழலில் அடுக்கி வையுங்கள். முனைகள் வழியாக ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் மரம் வெடிக்கிறது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு என்பது தச்சர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. காத்திருக்க இயலாதவர்கள் மரக்கடையில் உலர்ந்த பலகையாகவே வாங்கிவிடலாம்.

முதலில் பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது சென்டிமீட்டர் நீளம், இருபது சென்டிமீட்டர் அகலம், நான்கு சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் போதுமானது. நடுக்கோடு ஒன்றை வரைந்து, அதன் இருபுறமும் முகத்தைச் சமமாக அமையுங்கள். டிக்கி முகத்தை உருவாக்குவது நிழலே. வண்ணம் அதற்குத் துணை மட்டுமே. மூக்கின் தண்டும் புருவமேடும் பலகையின் பழைய மேற்பரப்பிலேயே நிற்கட்டும். கண்குழியைக் குறைந்தது ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்குங்கள். கோட்டின் மேல் உளியை நேராக நிறுத்தி ஒரு தடுப்பு வெட்டு போட்டு, பிறகு உட்புறத்திலிருந்து சாய்வாக அதை நோக்கிச் சீவி வந்தால், சில்லு தடுப்பு வெட்டிலேயே உடைந்து நின்றுவிடும். மூக்கின் ஓரம் பிளக்காது. கடைசியாகப் புருவத்தின் கீழ்விளிம்பை உள்நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள். அந்த ஒரு வெட்டுதான் பலகையைச் சுவரில் மாட்டி மேலிருந்து விளக்கொளி விழும்போது கண்களை இருளுக்குள் வைக்கிறது. அது இல்லாத முகம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கோட்டோவியம் போலத் தட்டையாகவே தெரியும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்து, அதன் இறக்கத்தோடு மட்டுமே வெட்டுங்கள். உளி பிடிக்காத கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிவிடாதீர்கள். உளியின் தடங்கள் இந்தப் பாணிக்கு அழகு சேர்ப்பவை.

வெளிர் நிறப் பைன் பலகையில் செய்கிறவர்கள், கேஸ் டார்ச்சால் மேற்பரப்பைக் கருக்கி, நாரின் போக்கில் கம்பித் தூரிகையால் தேய்ப்பது வழக்கம். மென்மையான நார் உதிர்ந்து, கடினமான நார் வரிவரியாக எழும்பும். இதைத் திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். பெட்டி உடைத்த பலகையாக இருந்தால் அதில் MB என்ற ஆங்கில எழுத்து முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் விலக்கிவிடுங்கள். அது மீத்தைல் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் பதப்படுத்தப்பட்டது. பூவரசுக்கு இந்தக் கருக்கல் தேவையே இல்லை. ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு முறை பூசினால் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்; விரித்துக் காயப் போடுங்கள்.

முரசில், தோலில்லாத வகையிலிருந்து தொடங்குவது நல்லது. தஹீத்தியின் தோஎரே என்பது ஒரே மரத்துண்டில், நீளவாக்கில் ஒரு குறுகிய பிளவு மட்டும் விட்டு உள்ளே குடைந்த கொட்டு. அரை மீட்டர் நீளமுள்ள உருளையில் பிளவின் வழியே டிரில்லால் வரிசையாகத் துளையிட்டு, துளைகளை உளியால் இணைத்து, உட்புறத்தைச் சிறிது சிறிதாக அகட்டுங்கள். இரு முனைகளிலும் ஏழு சென்டிமீட்டர் அளவுக்குக் குடையாமல் விடுங்கள். இடையிடையே பிளவின் விளிம்பைக் கட்டைக்கோலால் தட்டிக் கேட்டால், குடையக் குடைய ஒலி தாழ்ந்து வருவது தெரியும். விரும்பிய ஒலி வந்ததும் நிறுத்திவிடுங்கள். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

தோல் முரசுக்கு முன்மாதிரி ஹவாயின் பஹு. அதைத் தென்னந்தண்டில் செய்ததற்குக் காரணம் உண்டு: தென்னை புறக்காழ் உடையது, வைரம் வெளியே, மென்மையான சோறு உள்ளே, எனவே குடைவது எளிது, எஞ்சும் சுவரோ உறுதியானது. மேலே ஓர் அறை, நடுவில் குடையாமல் விட்ட தடுப்பு, கீழே பிறை வடிவத் துளைகள் கொண்ட அடிப்பகுதி. அந்தத் துளைகளில் கயிறு கோத்துத் தோலை இழுத்துக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. அவர்கள் சுறாத்தோலையும், தென்னைநாரில் பின்னிய கயிற்றையும் பயன்படுத்தினார்கள். நமக்கு ஆட்டுத்தோலும் தென்னங்கயிறும் போதும். தென்னந்தண்டு கிடைக்காவிட்டால் பன்னிரண்டு பட்டைகளை ஒட்டி உடலை அமைக்கலாம். முப்பது சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒவ்வொரு பட்டையின் வெளி அகலமும் எட்டு சென்டிமீட்டர், இரு ஓரங்களிலும் பதினைந்து பாகைச் சாய்வு. ஒட்டிக் காய்ந்ததும் இழைப்புளியால் பட்டைகள் சேரும் வெளிமூலைகளைச் சீவி வட்டமாக்குங்கள்.

தோலை இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே சுருக்கம் நீங்கும் அளவுக்கு மட்டும் இழுத்துக் கட்டுங்கள். காயும்போது தோல் தானே சுருங்கி இறுகும் என்பதால், ஈரத்திலேயே முழு இறுக்கம் கொடுத்தால் விளிம்பில் கிழிந்துவிடும். நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்ட பிறகு கயிற்றை மீண்டும் ஒரு சுற்று இறுக்குங்கள். மழைக்காலத்தில் ஒலி தளர்ந்தால் வாசிப்பதற்குச் சற்று முன் இளவெயிலில் வைத்தாலே சரியாகிவிடும். அடுப்பருகே கொண்டுபோக வேண்டாம்.