மொட்டை மலையில் தண்ணீர் ஏது?

கேள்வி: என் தம்பி ஓமனில் வேலை பார்க்கிறான். அவன் அனுப்பிய போட்டோவில் புல் பூண்டு இல்லாத மலை, அடியில் பேரீச்சந்தோப்பு, வாய்க்கால் நிறையத் தண்ணீர். மழையே இல்லாத ஊர் என்கிறான். பின்னே இது எங்கிருந்து வருகிறது?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: தம்பி மஸ்கட்டை வைத்துச் சொல்கிறார் போல. அங்கே வருஷத்துக்குச் சுமார் 100 மி.மீ. மழைதான். ஆனால் பின்னால் நிற்கும் ஹஜர் மலை லேசுப்பட்டதல்ல, ஜபல் ஷம்ஸ் சிகரம் ஏறக்குறைய 3,000 மீட்டர், மேகம் முட்டிக்கொண்டு மேலே கூடுதலாகவே பெய்துவிடும். அந்த மலையில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை, வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்கி, அடிவாரத்தில் ஊற்றாகவோ காட்டாற்றின் சரளைக்கு அடியிலோ வந்து சேர்கிறது. பார்க்கத்தான் மொட்டை, வயிற்றில் தண்ணீர்.

அதை ஊருக்குக் கொண்டுவரும் வாய்க்காலுக்கு ஃபலஜ் என்று பெயர். மலையடியில் ஒரு தாய்க்கிணறு, அங்கிருந்து நிலத்தின் சரிவைவிடக் குறைந்த சரிவில் ஒரு சுரங்கம். அவ்வளவுதான், போகப் போகத் தண்ணீர் தானாகவே தரைக்கு வந்துவிடும், மோட்டாருக்கு வேலையே இல்லை. ஊற்றிலிருந்தும் காட்டாற்றிலிருந்தும் நேராகக் கிளம்பும் ஃபலஜ்களும் உண்டு. சுமார் 3,000 இன்னும் ஓடுகின்றன, அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: யார் தோப்புக்கு எவ்வளவு என்று சண்டை வராதா?
– அதே வாசகி

பதில்: வராமலா! அதற்குத்தான் நம் ஊர் முறைப்பாசனம் மாதிரி அங்கேயும் முறை. வாய்க்கால் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் குடிக்க, அப்புறம் பள்ளிவாசலுக்கும் குளிக்கவும், கடைசியில்தான் தோப்பு. தோப்புக்குத் தண்ணீரை லிட்டரில் அளப்பதில்லை, நேரத்தில் அளப்பார்கள். ‘அதர்’ என்றால் சுமார் அரை மணி. பகலில் நட்டுவைத்த கம்பின் நிழல், ராத்திரியில் நட்சத்திரம், இதுதான் பழைய கடிகாரம். முறை முடிந்தால் துணி சுற்றிய கல்லை மடைவாயில் அடைத்துவிட்டு அடுத்தவருக்குத் திருப்பிவிட வேண்டியதுதான்.

கேள்வி: காய்ந்த ஆற்றில் காரை நிறுத்திச் சமைத்துச் சாப்பிடுகிறார்களாம், பயமில்லையா?

பதில்: பயம் வேண்டும். தலைக்கு மேல் வெயில் காயும்போதே, மலையில் எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்து காரைத் தூக்கிப் போய்விடும், பாறை சரிவில் மண்ணே இல்லை, எதுதான் அதைத் தடுக்கும்? ஓடும் வெள்ளத்தில் வேண்டுமென்றே வண்டியை இறக்குவது அங்கே சட்டப்படி குற்றம். தம்பியிடம் சொல்லிவையுங்கள், பிரியாணியை மேட்டில் வைத்துச் சாப்பிடட்டும்.