தொற்றுக்காலத்துக் குரல்கள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் தண்டையார்பேட்டைக்காரன். 2020 கொரோனா லாக்டவுனில் எங்கள் தெருப் பையன்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். அரிசி, மாத்திரை, கபசுரக் குடிநீர், தொற்று வந்ததென்று யார் வீட்டு வாசலில் தகரம் அடித்து அடைத்திருக்கிறார்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பெட் கிடைக்குமா, எல்லாம் அதில்தான் ஓடியது. 2021 மே மாதம் குழுவை நடத்திய அண்ணனே இறந்துபோய்விட்டார். இப்போது ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். "அந்தக் கண்றாவிய இன்னும் எதுக்குடா வெச்சினுகீற, டெலீட் பண்ணு" என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. பேப்பரிலும் சர்க்காரிடமும் எல்லாம் இருக்கும்போது இதனால் யாருக்கு என்ன பயன்? பேசாமல் இணையத்தில் ஏற்றிவிடலாமா?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

டெலீட் செய்யாதீர்கள். இப்போதைக்கு இணையத்திலும் ஏற்றாதீர்கள். பத்திரப்படுத்துவதுதான் உடனே செய்ய வேண்டிய வேலை. வெளியிடுவதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சர்க்காரிடம் என்ன இருக்கிறது? 2020 மே, ஜூன் மாதங்களில் சென்னை மாநகராட்சி நாள்தோறும் 15 மண்டலங்களின் தொற்று எண்ணிக்கைப் பட்டியலை வெளியிட்டது நினைவிருக்கும். ஐந்தாவது மண்டலமான ராயபுரம் பல வாரம் முதலிடத்திலேயே நின்றது. உங்கள் தண்டையார்பேட்டையும் திரு.வி.க. நகரும் பெரிதாகப் பின்தங்கவில்லை. அந்தப் பட்டியலில் பொய் இல்லை. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில், கழிப்பறை நாலு குடித்தனத்துக்குப் பொது என்னும்போது, "தனியாக இருங்கள்" என்று சொல்ல வந்தவருக்கு அந்த வீட்டம்மா என்ன பதில் சொன்னார் என்பது அதில் இல்லை. உங்கள் குழுவில் இருக்கும். எண் மட்டும் மிஞ்சினால், நோயைப் பரப்பிய பகுதி என்றுதான் வடசென்னையைப் பற்றி நாளைக்கு எழுதுவார்கள். கண்முன்னே கண்டவள் என்பதால் அதை என்னால் ஏற்க முடியாது.

அந்த எண்ணும் தானாகச் சரியாகிவிடவில்லை. 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் விடுபட்டிருந்த 444 மரணங்களை அரசு ஒரே நாளில் கணக்கில் சேர்த்தது. ஜூன் 10 வரை நடந்த சாவுகள் அவை. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் மாநில அரசின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. இரண்டு இடத்தில் எழுதிவைத்திருந்ததால் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று காட்டியது. உங்கள் தெருவின் பதிவு மூன்றாவதாக இருக்கட்டும்.

இன்னும் பின்னால் போனால் 1918. ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் மில் தொழிலாளர்களின் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் கடுமையாக அடித்தது. இந்தியா முழுக்க ஒரு கோடிக்கு மேல் செத்துப்போனார்கள். யூனியனைப் பற்றி இன்றைக்கும் தேதி சொல்லிப் பேசுகிறோம், ஏனென்றால் எழுதிவைத்தார்கள். காய்ச்சலுக்குச் சுகாதார இலாகாவின் அறிக்கைகள் இருக்கின்றன. அந்த மில் தொழிலாளியின் மனைவி என்ன கஷாயம் வைத்தாள், கூலி நின்ற வாரத்தில் யாரிடம் அரிசி கடன் வாங்கினாள் என்று அவள் வாயால் சொன்ன ஒரு வரிகூட என் கண்ணில் பட்டதில்லை. உங்கள் தெருப் பெண்களுக்குப் பேசி அனுப்ப ஒரு செல்போன் இருந்தது. பேசியிருக்கிறார்கள்.

என் பெரியம்மா காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்றவர். 2020-ல் அவர் அனுப்பிய ஒரு குரல்பதிவு என்னிடம் இருக்கிறது. "உள்ளயே உட மாட்றாங்கம்மா. வண்டிக்காரனுக்குத்தான் மீனாம், கூடக்காரிக்கு இல்லியாம்" என்கிறார். பின்னால் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி முகக்கவசம் போடச் சொல்லிக்கொண்டே போகிறது. நடுவில் யாரோ அடிபம்பு அடிக்கிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, "செரி, நீ சாப்ட்டியா?" என்று முடிக்கிறார். அரசாணையில் இதுவே "சில்லறை விற்பனைக்கு அனுமதி இல்லை" என்று ஒரு வரியாக இருக்கும்.

இனி வேலை. அந்த அண்ணனின் செல்போன் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் சில மாதங்களில் செத்துவிடும், பிறகு அந்த எண் வேறு யாருக்கோ போய்விடும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் உபயோகிக்காமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்படுகிறது. இரண்டு வருடம் தொடாத கூகுள் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கத் தொடங்கிவிட்டது. போனவர் இனி லாகின் செய்ய மாட்டார் இல்லையா? அவர் படங்கள் அந்தக் கணக்கில் மட்டும் இருந்தால் ஏற்கெனவே போயிருக்கலாம். போனிலேயே சேமித்தவை போனில் இருக்கும். ரீசெட் செய்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

எடுக்கும்போது ஃபார்வர்டு செய்து சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், எப்போது எங்கே எடுத்தது என்று படத்துக்குள் பதிந்திருக்கும் விவரம் உதிர்ந்துவிடும். குரல்பதிவின் கோப்புப் பெயரில் வருடம், மாதம், நாள் சேர்ந்தே வரும், ஆனால் நீங்கள் இன்று ஃபார்வர்டு செய்தால் வாங்குபவர் போனில் இன்றைய தேதிதான் விழும். 2021 மே மாதத்து அழுகை இந்த வருடத்துத் தேதியில் போய் உட்கார்ந்துவிடும். கேபிள் போட்டு நேராகக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். குழுவின் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்யும் வசதியும் இருக்கிறது. நீண்ட உரையாடல் முழுதாக வராது, அண்மைச் செய்திகளிலிருந்து ஓரளவுக்குத்தான் வரும். அதனால் பலர் போனிலிருந்தும் எடுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் இருக்கட்டும்.

பிறகு உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். யார் பேசுவது, எந்தத் தெரு, எதைப் பற்றி. பேச்சைத் திருத்தாதீர்கள். "வெச்சினுகீற" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். இதைச் செய்யாவிட்டால் இருபது வருடத்தில் அந்தக் குரல் யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது. பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை.

ஏன் இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்கிறேன்? அந்தக் குழுவில் யாருக்குக் காசநோய் இருந்தது, யார் வீட்டில் அரிசி தீர்ந்தது, எந்தப் பெண்ணின் நம்பர் என்ன என்று எல்லாம் இருக்கும். அரிசி வாங்கியவர் பெயர்ப் பட்டியல் நமக்கு வரலாறு, அந்த வீட்டுக்கு மானம். அனுமதி தந்தவர்களின் குரலைத் தனியாகப் பிரித்து, அதை மட்டும் வெளியே வையுங்கள். மற்றதைப் பூட்டி, முப்பது வருடம் திறக்கக் கூடாது என்று எழுதியே வையுங்கள். போனவர்களுக்காகக் குடும்பத்தாரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

சண்டைகளையும் வெட்டாதீர்கள். தகரம் அடித்த வீட்டுக்குப் பால் பாக்கெட் கொடுக்கக் கூடாது என்று உங்கள் தெருவிலேயே யாராவது பேசியிருப்பார்கள். அதுவும் நடந்ததுதான். வாசலில் நோட்டீஸ் ஒட்டியதும் அக்கம்பக்கம் ஒதுக்கியது என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போனது. அதிகாரிகளின் குறிப்பான உத்தரவு இல்லாமல் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் தீர்ப்பும் வந்தது. அரிசி கொடுத்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு இதை நீக்கினால், அந்த வீட்டுக்காரர்கள் இரண்டாவது தடவை ஒதுக்கப்படுவார்கள். பேசியவர் பெயரை மறைக்கலாம், பேச்சை மறைக்க வேண்டாம்.

அந்த அண்ணன் வீட்டில் முதலில் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். கேட்டு எழுதும் வேலைக்கு ஆள் போதவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா